சாயத் தண்ணீருக்கு ஒளி வினையூக்கியும் மெம்பரேனும்: சேலத்துப் பட்டறைக்கு எது பொருந்தும்?

கழிவுநீர் இயந்திரம் விற்க வருகிறவர்கள் சாயப்பட்டறைகளில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடி (வெளிச்சம் பட்டால் மாசைச் சிதைக்கும் ஒளி வினையூக்கி), மேலே வெளிச்சம், கடைசியில் பொடியைப் பிடிக்க ஒரு மெம்பரேன், அதாவது நுண்துளைகள் கொண்ட வடிகட்டிச் சவ்வு. சாயம் தானாகச் சிதைந்துவிடும், கசடு அள்ளும் வேலையே இல்லை. சொல்வதில் அறிவியல் இருக்கிறது. நிறம் போவதும் உண்மைதான். ஆனால் சேலத்தின் கொண்டலாம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ பட்டறை வைத்திருப்பவர் கடன் வாங்கி முதல் போடுகிறார். என் தண்ணீருக்கு, என் உப்புக்கு, என் கரண்ட் பில்லுக்கு இது தாங்குமா என்றுதான் அவர் கேட்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடமே ஆலை போட்டாக வேண்டும் என்றால் நுண்ணுயிரிகளை வைத்து மாசைத் தின்னவைக்கும் உயிரியல் சுத்திகரிப்பு, நுண்துகளைப் பிடிக்கும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் மெம்பரேன், கரைந்த உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., மிஞ்சும் உப்புத் தண்ணீரை வற்றவைக்கும் ஆவியாக்கி என்ற பழகிய வரிசைதான் சரி. ஒளி வினையூக்கியையும் சேர்த்துப் பார்க்க ஆர்வம் இருந்தால், பொடியைத் தண்ணீரில் கலக்கவிட்டு மெம்பரேனைத் தனித் தொட்டியில் வைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதையும் உயிரியல் தொட்டிக்குப் பிறகு, ஆர்.ஓ.வுக்கு முன்னால், சிறிய அளவில் வையுங்கள். மெம்பரேன் மேலேயே வினையூக்கியைப் பூசிய வகையைச் சாயத் தண்ணீருக்கு இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

அந்தப் பொடி பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயிண்டில் வெண்மைக்குப் போடுகிற அதே பொருள்தான், இன்னும் நுண்ணிய வடிவில். 1972இல் ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனைமேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று காட்டினார்கள். இந்தத் துறை வேகம் எடுத்தது அதற்குப் பிறகுதான். புற ஊதா ஒளி படும்போது பொடியின் பரப்பில் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் என்ற, மிக வேகமாக வினைபுரியும் துணுக்குகள் உண்டாகின்றன. ஓசோனைவிட வலுவான ஆக்சிஜனேற்றி அது. அசோ சாயத்தில் நிறத்துக்குக் காரணமான நைட்ரஜன் பிணைப்பை முதலில் உடைக்கும், நிறம் போகும். போதிய நேரம் கொடுத்தால் மிச்சத் துண்டுகளையும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் என்ற அளவுக்கு எரித்துவிடும். ஆனால் அந்த ராடிக்கல் பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. வேலை நடப்பதெல்லாம் பொடியின் பரப்பிலும் அதை ஒட்டியும்தான். ஆகவே ஒளி, பொடி, மாசு மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தாக வேண்டும். இந்தச் சந்திப்பு எங்கே நன்றாக நடக்கிறது என்பதில்தான் இரண்டு வகைகளும் வேறுபடுகின்றன.

முதல் வகையில் பொடி தண்ணீரோடு கலந்து சுற்றுகிறது. விளக்கு வைத்த தொட்டி என்றால் லிட்டருக்கு அரை கிராம் முதல் இரண்டு கிராம் வரை போடுவார்கள். தண்ணீர் பால் போல வெளுத்துவிடும். பி25 என்ற பெயரில் விற்கும் பொடிதான் ஆய்வகங்களில் அதிகம் பயன்படுகிறது. அதன் அடிப்படைத் துகள் இருபது நானோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இவ்வளவு சிறிய துகளை வண்டலாக அடியில் தங்கவைப்பது கடினம். அதனால்தான் மெம்பரேன் தேவைப்படுகிறது. தண்ணீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடுவதால் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் மெம்பரேன் அவற்றைத் தாராளமாகப் பிடித்துவிடும். பிடித்த பொடி மறுபடி விளக்குத் தொட்டிக்கே போகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, ஒளிக்கான தொட்டியும் மெம்பரேன் தொட்டியும் தனித்தனி என்பது. மெம்பரேன் இருட்டில் இருக்கிறது. புற ஊதா அதன் மேல் படுவதே இல்லை. எந்தக் கம்பெனி மெம்பரேனையும் வாங்கலாம், கெட்டால் மாற்றலாம். வினையூக்கி களைத்துப்போனால் பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பொடி போடலாம். குறைகளும் உண்டு. மெம்பரேன் மேல் பொடி அடையாகப் படியும். அடியிலிருந்து காற்று விட்டு, அவ்வப்போது தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி (பேக்வாஷ்) அலச வேண்டும். கடினமான துகள் என்பதால் பம்ப்பின் இம்பெல்லரையும் சீலையும் மெதுவாகத் தேய்க்கும். கனடாவின் பியூரிஃபிக்ஸ் நிறுவனம் இதே அமைப்பை, அதாவது மிதக்கும் பொடி, புற ஊதா விளக்கு, செராமிக் மெம்பரேன் ஆகியவற்றை இணைத்து வணிக அளவில் விற்கிறது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மாசுபட்ட நிலத்தடி நீரைப் போன்ற தெளிந்த நீரை. சாயத் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீர் அந்த ரகம் இல்லை.

பொடியைக் கையாளும் ஆட்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு தூசி மூச்சில் போவதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்பவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. தண்ணீரில் கலந்த பிறகு தூசி எழாது. மூட்டை பிரித்துக் கொட்டும்போதுதான் ஆபத்து. நல்ல முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

இரண்டாவது வகை, வினையூக்கியை மெம்பரேன் மேலேயே பூசிவிடுவது. காகிதத்தில் இதுதான் அழகான யோசனை. பொடியை மீட்கும் வேலை இல்லை. மெம்பரேன் மேல் படியும் அழுக்கை வினையூக்கியே எரித்துவிடுவதால் அடைப்பும் குறையும். ஆய்வுக் கட்டுரைகளில் மெம்பரேன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது யாருக்கும் ஆசை வரும்.

நடைமுறைக்கு வரும்போது ஒளி எப்படி உள்ளே போகும் என்ற கேள்வி எழுகிறது. சந்தையில் கிடைக்கும் மெம்பரேன்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகின்றன. ஒன்று நூல் கற்றை போல நெருக்கமாகக் கட்டிய குழல் இழைகள். இன்னொன்று சுருட்டி உறைக்குள் திணித்த தாள். சிறிய இடத்தில் பெரிய பரப்பை அடைப்பதுதான் இரண்டின் பலமும். அதே காரணத்தால் உள்ளே வெளிச்சம் நுழையாது. ஒளி பட வேண்டும் என்றால் தட்டையான தாளைக் கண்ணாடி ஜன்னலுக்கு அடியில் விரிக்க வேண்டும். அப்போது பரப்பு சுருங்கிவிடும், ஆலையின் இடமும் செலவும் பெருகிவிடும்.

அடுத்தது நேரம். ஒரு மைக்ரான் தடிப்புள்ள பூச்சு என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு மணிக்கு 20 லிட்டர் தண்ணீர் கடக்கிறது என்றால், அந்தப் பூச்சுக்குள் தண்ணீர் இருக்கும் நேரம் கால் விநாடிகூட இல்லை. பூச்சை ஒட்டி மேலே ஓடும் தண்ணீருக்கும் கொஞ்சம் பலன் கிடைக்கும், சரி. ஆனாலும் மிதக்கும் பொடிக்குக் கிடைக்கும் மணிக்கணக்கான தொடர்பு இதற்குக் கிடைக்காது.

மூன்றாவதாக மெம்பரேனின் ஆயுள். ஹைட்ராக்சில் ராடிக்கலுக்குச் சாயம் எது, மெம்பரேன் எது என்று தெரியாது. மெம்பரேன் செய்யும் பிளாஸ்டிக்குகளில் பாலிஈதர் சல்ஃபோன், பாலிசல்ஃபோன் வகைகள் புற ஊதாவில் சீக்கிரம் சிதையும். பி.வி.டி.எஃப். ஓரளவு தாங்கும், டெஃப்லான் நன்றாகத் தாங்கும். அலுமினாவில் செய்த செராமிக் மெம்பரேனுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆனால் பாலிமரைவிட விலை பல மடங்கு. (சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்கு அலுமினியத்துக்காகப் போனது. அதே தாதுவிலிருந்து வரும் அலுமினாதான் செராமிக் மெம்பரேனாகிறது. இங்கே அப்படி ஒரு தொழில் வேர்விடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.)

சேலத்துக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. வேட்டிக்குப் பேர்போன ஊர் இது. வெளுப்பு வேலை இல்லாமல் வெள்ளை வேட்டி இல்லை. பருத்தி நூலைப் பெராக்சைடில் வெளுக்கும்போது பெராக்சைடு ஒரேயடியாகச் சிதையாமல் இருக்கச் சோடியம் சிலிகேட் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தச் சிலிகேட் கழிவுநீரோடு வந்து, பி.எச். இறங்கும்போதோ கால்சியம், மெக்னீசியத்தோடு சேரும்போதோ கண்ணாடிப் படலம் போலப் படியும். வினையூக்கியால் கரிம அழுக்கை எரிக்க முடியும், சிலிக்காவை ஒன்றும் செய்ய முடியாது. மிதக்கும் பொடியில் படிந்தால் பொடியை மாற்றிவிட்டுப் போகலாம். பூசிய மெம்பரேனில் படிந்தால் காரமும் அமிலமும் போட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வெளுப்பும் சாயமும் ஒரே வாய்க்காலில் விழுகிற பட்டறைக்குப் பூச்சு மெம்பரேன் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்ல இந்த ஒன்றே போதும்.

இனி, எந்த வகையானாலும் ஒளி முறைக்கு எதிராகச் சாயத் தண்ணீரே வைத்திருக்கும் தடைகள். முதல் தடை நிறம். அடர் கரும்பச்சையோ மெரூனோ போட்ட அன்றைக்குக் கழிவுநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியாது. புற ஊதா ஒளி மேல் அடுக்கிலேயே சாயத்தால் உறிஞ்சப்பட்டுவிடும். அடியில் இருக்கும் பொடிக்கு அது ராத்திரிதான்.

இரண்டாவது தடை காரம். ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிப் பிணைப்பாகச் சேரும் வகை) பருத்தியில் பிடிக்கச் சோடா ஆஷ் போடுகிறோம்; கழிவுநீர் பி.எச். பத்தைத் தாண்டி வரும். டைட்டானியம் டை ஆக்சைடு பி.எச். ஆறரைக்கு மேல் போனாலே எதிர்மின் ஏற்றம் பெறுகிறது. ரியாக்டிவ் சாயங்களும் சல்ஃபோனேட் தொகுதிகளால் எதிர்மின் ஏற்றம் உள்ளவை. இரண்டும் ஒன்றை ஒன்று விலக்கும். பரப்பில் நடக்க வேண்டிய சந்திப்பு குறையும். போதாததற்குக் கார்பனேட், ஹைட்ராக்சில் ராடிக்கலைச் சாயத்துக்கு முன்பே விழுங்கிவிடும். அமிலம் விட்டு பி.எச்.ஐ நடுநிலைக்கும் கீழே இறக்கி, கார்பனேட்டை வாயுவாக வெளியேற்றிய பிறகுதான் ஒளிக்கு அர்த்தம் உண்டு. அந்த அமிலச் செலவை விலைப்பட்டியலில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

மூன்றாவது உப்பு. இதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ரியாக்டிவ் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்போ கிளாபர்ஸ் சால்ட்டோ (சோடியம் சல்ஃபேட்) போகிறது. சாயத்தில் ஒரு பங்காவது நூலில் ஏறுகிறது. உப்பு ஏறுவதே இல்லை. போட்டது அத்தனையும் தண்ணீரோடு திரும்பி வருகிறது. குளோரைடு, ராடிக்கலைத் தடுக்கவும் செய்யும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், ஒளி வினையூக்கி உப்பைத் தொடவே தொடாது என்பது. அல்ட்ரா ஃபில்ட்ரேஷனும் தொடாது. ஒளி முறையில் சுத்திகரித்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். அதே பாட்டிலில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். முன்பு ஆறாயிரம் காட்டியிருந்தால் இப்போதும் ஆறாயிரம்தான் காட்டும்.

தமிழ்நாட்டில் நீர்நிலையில் விடுவதற்கான டி.டி.எஸ். வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்துக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றுக்கு நாம் செய்திருப்பதைப் பார்க்கும்போது, நிறம் போனால் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புதான் கரையோரக் கிணறுகளைக் கெடுக்கிறது. திருப்பூரில் நொய்யல் ஆற்றுக்கு நடந்ததும் இதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிலைக்கு அந்த ஊர் வந்தே ஆக வேண்டியிருந்தது. ஆகவே ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் இல்லாத எந்தத் திட்டமும் ரியாக்டிவ் சாயப்பட்டறைக்கு முழுத் திட்டம் ஆகாது. ஒளி முறை அந்த வரிசையில் ஒரு கண்ணியாக மட்டுமே வர முடியும், ஆர்.ஓ.வுக்கு மாற்றாக வர முடியாது.

சரி, வெயிலாவது இலவசம்தானே என்பார்கள். சேலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சிமெண்ட் களத்தில் ஜவ்வரிசியைக் காயவைத்தே ஒரு தொழில் வளர்ந்த ஊர். ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு வேண்டியது 390 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா. சூரிய ஒளியில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பட்டறை நாளுக்கு 50,000 லிட்டர் விடுகிறது, உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிறகு சி.ஓ.டி. (மாசை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நாளுக்கு ஐந்து கிலோ. அதை முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்ய ஏறக்குறைய 625 மோல் (துகள்களை எண்ணும் அலகு) எலெக்ட்ரான் மாற வேண்டும். சதுர மீட்டருக்குச் சராசரி 30 வாட் புற ஊதா, ஆறு மணி நேர வெயில் என்றால் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சுமார் இரண்டு மோல் ஒளித்துகள் விழும். அதில் நூற்றுக்கு நான்கைந்துதான் வேலைக்கு ஆகும் என்று வைத்தால், தேவைப்படும் பரப்பு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் சதுர மீட்டர். ஒன்றரை ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரை கண்ணாடிக் குழாய்! இதே கணக்கில் உயிரியல் தொட்டியைத் தாண்டாத, சி.ஓ.டி. லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் உள்ள தண்ணீரை விட்டால் பதினைந்து, இருபது ஏக்கர் ஆகும். நிறத்தை மட்டும் எடுக்க இவ்வளவு வேண்டாம், நிறம் முதலில் போய்விடும். ஆனால் நிறம் போன பிறகு மிஞ்சும் துண்டுகளில் நச்சுத் தன்மையுள்ள அரோமாட்டிக் அமைன்களும் இருக்கலாம். பாதியில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

விளக்கு வைத்தால் இடம் மிச்சம், ஆனால் கரண்ட். இந்த மாதிரி ஆக்சிஜனேற்ற முறைகளின் மின்செலவை ஒப்பிட்டு 2018இல் ஒரு பெரிய மதிப்பாய்வு வந்தது. ஆயிரம் லிட்டரில் ஒரு மாசைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஓசோனுக்கும், புற ஊதாவோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த முறைக்கும் நடுத்தர மதிப்பு ஒரு யூனிட்டுக்குக் கீழே. புற ஊதா ஒளி வினையூக்கிக்கு நூறு யூனிட்டுக்கு மேலே. ஆய்வக அளவில் எடுத்த எண்கள் பல அதில் கலந்திருக்கின்றன, நன்றாக வடிவமைத்த ஆலை இதைவிடக் குறைவாகவே செலவழிக்கும். ஆனாலும் நூறு மடங்கு இடைவெளியை நல்ல பம்ப்பும் நல்ல விளக்கும் மட்டும் அடைத்துவிடாது.

அப்படிப் பார்த்தால் நிறத்துக்கு ஓசோன்தான் நேரடிப் போட்டியாளர். தண்ணீர் கருத்திருந்தாலும் காரமாக இருந்தாலும் அது வேலை செய்யும், வெளிச்சம் தேவையில்லை. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கும் ஃபென்டன் முறை முதலீட்டில் மலிவு, ஆனால் பி.எச். மூன்றுக்கு இறக்கி, பிறகு ஏற்றி, இரும்புக் கசடை அபாயக் கழிவாகக் கணக்குக் காட்ட வேண்டும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுச் சாயத்தைப் படியவைப்பது எல்லாரும் அறிந்ததே. கசடு மலைபோல் குவியும். எம்.பி.ஆர்., அதாவது உயிரியல் தொட்டியோடு மெம்பரேனை இணைப்பது, நல்ல தொழில்நுட்பம், ஆனால் கரைந்த ரியாக்டிவ் சாயம் அதன் துளை வழியே தாராளமாகப் போய்விடும்.

வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் புது வினையூக்கி என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு போன்றவை 460 நானோமீட்டர் வரை ஒளியை உறிஞ்சுவது உண்மை. ஆனால் செயல்விளக்கம் பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவில்தான் காட்டுவார்கள். அந்தச் சாயம் தானே ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிதையக் கூடியது. பொடியில் ஒட்டிக்கொண்டும் மறையும். நீலம் வெளுத்ததை வைத்து வினையூக்கி நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

சேலத்தில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள்கள் உண்டு, ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரில் அது இறங்குகிறது. டைட்டானியம் டை ஆக்சைடும் ஒளியும் சயனைடை நச்சுக் குறைந்த சயனேட்டாக மாற்றும் என்று ஃபிராங்க், பார்ட் இருவரும் 1977லேயே காட்டிவிட்டார்கள். மாவுக் கழிவின் பெரும்பகுதியைக் காற்றில்லாக் கலனில் எரிவாயுவாக எடுத்துவிட்டு, காற்றோட்டத் தொட்டியையும் கடந்து, கடைசியில் தெளிந்து வரும் நீரில் இதைப் பரீட்சித்துப் பார்ப்பது சாயத் தண்ணீரில் பார்ப்பதைவிட நம்பிக்கை தருகிறது. உப்பும் இல்லை, நிறமும் இல்லை. களமும் வெயிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஏற்காட்டில் காப்பிப் பழம் கழுவும் தண்ணீருக்கு ஒத்துவராது. அமிலமும் சர்க்கரையுமாக, சி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் வரும் தண்ணீர் அது. பழம் அரைக்கும் மாதங்களில் மலையில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். விடுதிகளின் சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்கோ கழிப்பறைக்கோ திருப்பும் முன் கிருமியையும் மருந்து எச்சங்களையும் குறைக்க, சிறிய விளக்கும் பொடியும் மெம்பரேனும் உள்ள பெட்டி பொருந்தலாம். அளவு சின்னது, தண்ணீர் தெளிந்தது, மலையில் தண்ணீரின் மதிப்பும் அதிகம்.

சாயப்பட்டறைக்குத் திரும்புவோம். நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு பரீட்சை ஆலை வைப்பதானால், விற்பவரிடம் உங்கள் கழிவுநீரையே கொடுங்கள், அடர் நிறம் போட்ட நாளின் தண்ணீரைக் கொடுங்கள். விளக்கை அணைத்து, பொடி மட்டும் போட்டு ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். நிறம் அப்போதும் போனால் அது ஒட்டல், சிதைவு இல்லை. நிறத்தோடு மொத்தக் கரிமக் கார்பனையும் அளக்கச் சொல்லுங்கள். வடித்த தண்ணீரில் டைட்டானியம் கசிகிறதா என்று வெளி ஆய்வகத்தில் பாருங்கள். அப்புறம் உயிரியல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வழக்கமான அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வழியாக ஒரு சின்ன ஆர்.ஓ.வுக்குப் போகட்டும், மறு பாதி ஒளித் தொட்டி வழியாக அதே அளவு இன்னொரு ஆர்.ஓ.வுக்குப் போகட்டும். இரண்டு ஆர்.ஓ.விலும் அழுத்தம் ஏறி ரசாயனக் கழுவலுக்கு நிறுத்தும் தேதிகளை ஒரே நோட்டில் எழுதுங்கள். ஒளித் தொட்டி உள்ள பக்கத்தில் கழுவல்களுக்கு இடையேயான நாட்கள் கூடி, ஆர்.ஓ. மெம்பரேன் மாற்றும் செலவில் மிச்சப்படும் பணம் விளக்கின் கரண்டையும் அமிலத்தையும் தாண்டினால் பெரிதாக்குங்கள். தாண்டாவிட்டால் அந்தப் பணத்தில் உப்பு குறைவாகக் கேட்கும் சாயங்களுக்கும், உப்புத் தண்ணீரை மறுபடி சாயத் தொட்டிக்கே திருப்பும் நானோ ஃபில்ட்ரேஷனுக்கும் விலை கேளுங்கள்.